தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகமும் அப்பாவின் வலது காதும்

மதியச் சோற்றுக்குத் தட்டு வைக்கும் நேரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறைப் பலகையில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் முதலில் கிணுகிணுவென்று நடுங்கும். அதற்குப் பிறகுதான், யாரோ பெரிய மரக்கதவை ஓங்கிச் சாத்தியதுபோல ஒரு சத்தம் வந்து சன்னலில் மோதும். அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்க ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுரங்கத்தை நாங்கள் "மைன்ஸ்" என்போம். அங்கே வெடி வைப்பதற்கு முன் ஒரு "சங்கு" ஊதும், அதாவது சைரன். வெடித்து எல்லாம் அடங்கியதும் இன்னொரு சங்கு ஊதும். இரண்டு சங்குகளுக்கும் நடுவில் ஆட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

விடுமுறை நாட்களில் முதல் சங்கு கேட்டதும் நாங்கள் ஏரிக்கரைக்கு ஓடுவோம். கரைமேல் நின்றால் தூரத்தில் மைன்ஸின் விளிம்பு தெரியும். அங்கே வெள்ளைத் தூசி, சத்தமே இல்லாமல், பால் பொங்குவதுபோல எழும்பும். உடனே காலடியில் தரை லேசாக உதறும். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "ஓசி நேரம்". வெடி வெடித்துவிட்டது, ஆனால் சத்தம் இன்னும் வந்து சேரவில்லை. எனவே அந்த இடைவெளி யார் கணக்கிலும் சேராது, அதற்குள் யாரை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம், அது திட்டாகாது என்பது எங்கள் விதி. நான் பெரும்பாலும் கணக்கு டீச்சரைத் திட்டினேன். பெரியப்பா மகள் சுதா அக்கா, எங்கள் கூட்டத்தில் மூத்தவள், எட்டாம் வகுப்புப் படித்தவள், என்னைத் திட்டுவாள்.

ஆக, ஒன்று நடப்பது ஒரு நேரத்திலும் அதன் சத்தம் வந்து சேர்வது வேறொரு நேரத்திலும் இருக்க முடியும் என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தருவதற்கு முன்பே நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம். அந்த அறிவுதான் என்னை ஒரு பெரிய தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டது. வேறு ஊர்ப் பிள்ளை யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா அந்த மைன்ஸில் பாறையில் துளை போடும் இயந்திரத்தை ஓட்டினார். வருடக்கணக்காக அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. சிறு வயதில் எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் ஒரு பக்கம்தான் கேட்கும் என்றே நினைத்திருந்தேன். சாப்பிடும்போது அவருக்கு வலப்பக்கம் உட்காருவதும், கூப்பிடும்போது சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போய் நிற்பதும் எங்களுக்கு மூச்சு விடுவதுபோல. அம்மா கோபமாக இருக்கும் நாளில் வேண்டுமென்றே அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவாள். அவரும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒருமுறை காதுவலி என்று அரியலூருக்குப் போனபோது, மருத்துவர் அப்பாவின் இரண்டு காதுகளையும் பார்த்துவிட்டு, வலப்பக்கமாக வந்து நின்று, "போனது போச்சுங்க. இருக்கிற காதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று சொன்னதாக அம்மா வந்து பெரியம்மாவிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்பாவின் வலது காதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வெடி வாங்க வேண்டாம் என்று சொன்ன ஒரே பிள்ளை எங்கள் தெருவில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது மைன்ஸில் ஆள் குறைத்தார்கள். அம்மாவின் தம்பி, பெரம்பலூரில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த மாமா, சில வருடங்கள் துபாயில் இருந்து திரும்பியவர். அவர் தனக்குத் தெரிந்த ஆள் மூலம் அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் அப்பாவுக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். இயந்திர இரைச்சல் இல்லாத வேலை என்று கேட்டதும் அம்மா சம்மதித்துவிட்டாள். வீட்டில் எல்லாரும் பெட்டி, பாஸ்போர்ட், ஊறுகாய் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு யாருக்கும் காது ஞாபகமில்லை. எனக்கும் அந்த வேலை நிம்மதியான செய்தியாகவே இருந்தது, சுதா அக்கா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகும் வரை.

எங்கள் ஊருக்கு மேலே விமானங்கள் மிக உயரத்தில், வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். எங்கே இருந்து எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் ஒன்று போனது. சுதா அக்கா என்னைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"சத்தம் எங்கேருந்து வருது, கையக் காட்டு."

நான் மேற்கே காட்டினேன். கண்ணைத் திறந்தால் விமானம் செந்துறைப் பக்கம், கிழக்கே வெகுதூரம் போயிருந்தது. நான் கை காட்டிய இடத்தில் வெறும் வானம்.

"பாத்தியா? பிளேன் சத்தத்த வுட்டுட்டு ஓடுது. சத்தத்த வுட ஸ்பீடு அது. உங்கப்பா அதுலதான் போவப் போறாரு."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெடியில் தூசி முந்தும், சத்தம் பிந்தும். விமானத்திலும் விமானம் முந்துகிறது, சத்தம் பிந்துகிறது. எல்லாம் பொருந்தியது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

"அவங்க பேசுறதெல்லாம் பின்னாடி வுழுந்துகிட்டே வரும். யாருக்கும் எதுவும் கேக்காது. சத்தத்தத் தாண்டுற எடத்துல டப்புன்னு காது கிழிஞ்சாலும் கிழியும். எங்க சார் சொன்னாரு, சண்டை விமானம் போனா சன்னல் கண்ணாடியே ஒடையுமாம்."

கண்ணாடி உடையும் என்றால் காது எம்மாத்திரம். அதுவும் இருக்கிற ஒரே காது.

பயத்தை அப்படியே வைத்திருக்கும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, சரிபார்க்கத்தான் தோன்றும். அடுத்த முறை மாமா பெரம்பலூரிலிருந்து வந்தபோது, விமானம் எவ்வளவு வேகத்தில் போகும் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், பாப்பா. முன் சீட்டு முதுகுல குட்டி டிவி மாதிரி ஒண்ணு இருக்கும், அதுலயே காட்டுவான்" என்றார். சரி, சத்தம் எவ்வளவு வேகத்தில் போகும் என்று கேட்டேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தத்துக்கு எதுக்கு ஸ்பீடு? அது என்ன பஸ்ஸா?" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம், "ஒம் பொண்ணு கேக்குறதப் பாருக்கா" என்று சிரித்தார். ஆகவே எனக்குக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே கிடைத்தது.

அந்த ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது. அரியலூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலை நான் பார்த்திருக்கிறேன். நடைமேடையே அதிரும், தாவணி முந்தானைகளெல்லாம் ஒரே பக்கம் பறக்கும், ஹாரன் சத்தம் மண்டைக்குள் புகுந்து வெளியே போகும். அப்பா அப்போதெல்லாம் உள்ளங்கையால் வலது காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொள்வார். அந்த ரயிலே நூறு கிலோமீட்டர்தான் என்றார்கள். அப்படியானால் விமானம் என்பது ஒன்பது ரயில். ஒன்பது ரயிலுக்கு நடுவில் அப்பா கையை எடுக்காமல் எத்தனை நேரம்தான் பொத்திக்கொண்டிருப்பார்?

அம்மாவின் பிறந்த ஊர் செட்டிகுளம் பக்கம். அங்கே சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுவார்கள். தலையணை தைப்பதற்காக அங்கிருந்து வந்த பருத்தி ஒரு கோணியில் எங்கள் வீட்டில் கிடந்தது. நான் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, கொட்டைகளை நீக்கி, தூசி தட்டி, வலது காதுக்கு அளவாக ஒரு பெரிய உருண்டையும், அது விழுந்துவிட்டால் வைக்க இன்னொன்றும் உருட்டினேன். இடது காதுக்குச் செய்யவில்லை. அதற்கு இனி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்தான். அப்பா கிளம்பிய காலையில் அவற்றைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப்பையில் வைத்து, விமானம் கிளம்பும் முன் காதில் வைத்துக்கொள்ள வேண்டும், இறங்கும் வரை எடுக்கக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். வலப்பக்கம் நின்றுதான் சொன்னேன், ஆகவே கேட்டிருக்கும்.

மாமா அவரைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு மறுநாள் வந்தார். விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, கண்ணால் பார்த்தேன் என்றார். போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா வீட்டுத் தொலைபேசிக்கு அப்பா பேசுவதாக ஏற்பாடு. அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. அன்று முழுக்க அது அடிக்கவில்லை.

அம்மாவுக்கு அவளுடைய கவலைகள் இருந்தன. பாஸ்போர்ட்டைத் தொலைத்திருப்பாரோ, கூட்டிப்போக வந்தவன் ஏமாற்றுக்காரனோ, பழக்கமில்லாத சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும். தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் இவ்வளவு நேரத்தில் போய்ச் சேராமல் இருக்க முடியாது. சேர்ந்துவிட்டார். காது கேட்கவில்லை. காது கேட்காதவர் எதற்குத் தொலைபேசியை எடுப்பார்? அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அது உறுதியாகிவிடும் என்பதுபோல இருந்தது. சுதா அக்காவும் அன்று என்னைச் சீண்டவில்லை. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் தொலைபேசி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இருவரும் கல்லாங்காய் ஆடினோம். யாரும் கணக்கு வைக்கவில்லை.

மறுநாள் காலையில் மணி அடித்தது. பெரியப்பா எடுத்து, "தம்பிதான்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தார்.

"என்னங்க... நல்லபடியா போய்ச் சேந்துட்டிங்களா?"

பதில் இல்லை. அம்மா குரலை உயர்த்தினாள். "என்னங்க, நான் பேசுறது கேக்குதா?"

மறுபடியும் ஒன்றும் இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அம்மா மூன்றாவது முறை வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல், அவர் எப்போதும் பேசும் உரத்த குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"கேக்குது, கேக்குது. ஊரக் கூட்டாத."

வெளிநாட்டு அழைப்புகளில் அன்று அப்படித்தான். நாம் பேசியது போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரச் சற்று நேரம் பிடிக்கும். அதுவும் ஒரு ஓசி நேரம்தான் என்று பிறகு புரிந்தது. அம்மா அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் பேசி முடித்ததும் நான் தொலைபேசியை வாங்கினேன். அவர் கேட்டுத்தான் பேசுகிறாரா, அல்லது ஒரு குத்துமதிப்பில் பதில் சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஆகவே வாயைக் கையால் மூடிக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக, அருகில் இருந்த சுதா அக்காவுக்கே கேட்காதபடி சொன்னேன்.

"அப்பா, பஞ்சு வச்சிங்களா?"

காத்திருந்தேன். கம்பியில் ஏதோ இரைந்தது.

"வச்சேன்டி ஆத்தா, வச்சேன். அதனாலதான் இத்தன நேரம்."

அவர் சொன்னதைக் கேட்டு அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். நான் சொன்னபடி அப்பா விமானத்தில் ஏறியதும் பஞ்சை வலது காதில் திணித்துக்கொண்டாராம். சாப்பாடு கொண்டுவந்த பெண் என்ன கேட்டாள் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்ட, அந்தப் பெண் இரண்டு முறை கடுங்காப்பி ஊற்றிவிட்டுப் போனாளாம். இறங்கும்போது எடுக்க மறந்துவிட்டார். துபாயில் வெளியே வந்ததும் நிறுவனத்து ஆள் ஒருவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேனில் ஏற்றியிருக்கிறார். அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறார். அப்பா அவருக்குப் பக்கத்திலேயே, பெட்டியின்மேல் உட்கார்ந்து, எல்லாரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேன் போய்விட்டது. அன்று இரவு வந்த அடுத்த விமானத்து ஆட்களோடுதான் இவரைக் கண்டுபிடித்துக் கூட்டிப் போனார்கள்.

"காதுக்கு ஒண்ணும் ஆவலியாப்பா?" என்று கேட்டேன். இம்முறை மெதுவாகக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"அடைச்ச மாதிரி இருந்துச்சு. கொட்டாவி வுட்டேன், தொறந்துகிச்சு. இப்ப நீ மூக்க உறிஞ்சுறதுகூட கேக்குது."

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தொலைபேசியை வைத்ததும் சுதா அக்கா, "நான் சொன்னேன்ல, பஞ்சு இல்லன்னா கிழிஞ்சிருக்கும்" என்றாள். என் பஞ்சுதான் காப்பாற்றியது என்று நானும் நம்பினேன். அதன் பிறகு அப்பா விடுமுறைக்கு வந்து திரும்பிப் போன ஒவ்வொரு முறையும், தரையில் கால் வைத்தவுடன் எடுத்துவிட வேண்டும் என்ற திருத்தத்தோடு, பஞ்சு உருண்டைகள் அவர் சட்டைப்பையில் போயின. ஒவ்வொரு முறையும் அவர் பேசும் வரை எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கணக்கின் மறுபக்கம் எனக்குக் கிடைத்தது பதினோராம் வகுப்பில், பெரம்பலூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது. சத்தத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். மேலே குளிர் அதிகம் என்பதால் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஆயிரத்துக்குக் கீழே போகாது. பயணிகள் விமானம் எண்ணூறு, தொள்ளாயிரம்தான். அது சத்தத்தைத் தாண்டுவதே இல்லை. அதற்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் ஏரிக்கரையில் நாங்கள் கேட்டது? அது வேகத்தின் வேலை அல்ல, உயரத்தின் வேலை. விமானம் பத்து கிலோமீட்டர் மேலே பறக்கிறது. சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று வினாடி ஆகும். அது தரைக்கு வந்து சேரும் அரை நிமிடத்துக்குள் விமானம் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் காற்றும் விமானத்தோடு சேர்ந்தே போவதால், பேசும் பேச்சு எங்கேயும் பின்னால் விழுவதில்லை. காது அடைப்பது காற்றழுத்தம் மாறுவதால். ஒரு மிட்டாயோ ஒரு கொட்டாவியோ போதும்.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அத்தனை வருடப் பயணங்களிலும் அப்பாவின் காதுக்கு நான் பயந்த ஆபத்து இருந்ததே இல்லை. இனி வரப்போகும் பயணங்களிலும் இருக்கப்போவதில்லை. அன்று மாலை மாமாவின் கடையிலிருந்து சுதா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்கி நான் ஒன்ன சும்மாவா அழ வச்சேன்?" என்றாள். சிரிப்பாளென்று எதிர்பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. தனக்கும் அன்றைக்குப் பயமாகத்தான் இருந்தது என்று சொன்னாள்.

நான் கருவிப் பொறியியல் படித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். அளவிடும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது என் வேலை. அப்பா துபாயை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். எங்களுக்குப் பக்கத்திலிருந்த மைன்ஸில் கல் தீர்ந்து, அந்தப் பள்ளம் முழுக்க இப்போது மழைத் தண்ணீர். பச்சை நிறத்தில், அடி தெரியாமல், நாரைகளோடு கிடக்கிறது. சங்கு ஊதுவதில்லை. டம்ளர்கள் நடுங்குவதில்லை. பெரியப்பா வீட்டுத் தொலைபேசி மேசைமேல் இப்போது செல்போன்களுக்குச் சார்ஜ் போடுகிறார்கள். வானத்தில் விமானங்கள் முன்னைவிட அதிகம். ஆனால் ஏரிக்கரையில் நின்று அவற்றைப் பார்க்க ஒரு பிள்ளையும் வருவதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்சம் தள்ளி, காய வைத்த மிளகாயைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று முறத்தைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்து, வலது காதை வானத்துக்குக் கொடுத்து, அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, காதைத் தொட்டுக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.

கழற்றினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஒண்ணு போவுது பாரு," என்றார் அப்பா.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், மிக மெலிதாக, எனக்கும் கேட்டது.